வேன் பதினாலு வந்துருச்சா?

மணி ஏழு நாற்பது. கிள்ளானைத் தாண்டி மேரு போகிற பக்கம் ஒரு சாலை. இரண்டு புறமும் செம்பனைத் தோட்டம். தெருவிளக்கு கிடையாது. நல்ல மழை. ஒரு வெள்ளை வேன், பதினான்காம் எண், ஒரே ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் திரும்புகிறது…

இருங்கள். முதலில் கதவு. பூட்டினாயா கிரிகரி? தாழ்ப்பாளையும் போடு. புது வீடு, புதுத் தாழ்ப்பாள், போட்டால் தேய்ந்தா போய்விடும்? உன் மகள் நடாலி உள்ளே தூங்குகிறாளா? நல்லது, அறைக் கதவு சாத்தியே இருக்கட்டும். சிகரெட் பிடிக்கப் போகிறேன், சிக்னல் கிடைக்கவில்லை என்று யாரும் வெளியே போகக் கூடாது. நாளைக் காலை பாதர் வந்து வீட்டை மந்திரிக்கப் போகிறார். அதற்கு முந்தின இரவு எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கலாம் என்றுதானே செமினி வரைக்கும் வந்தோம்? படுப்பதற்கு முன் ஒரு கதை. அவ்வளவுதான்.

எட்டு மணிக்குக் காரை உள்ளே விட்டபோது கேட்டருகே குடை பிடித்து நின்ற ஆன்ட்டியைப் பார்த்தீர்களா? நகர்ந்து வழி விட்டாரே, அவர்தான். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று கிரிகரி சொன்னான். சரி, இருக்கட்டும்.

இது கிரிகரியின் மச்சான் தனேஷுக்கு நடந்தது. கிரிகரி மனைவியின் தம்பி. இன்றைக்கு அவனும் வருவதாகத்தான் இருந்தது. வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் தனேஷுக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை. கீழே பூக்கடை, அதற்கு மேலே தையல் கடை, மூன்றாவது மாடியில் இவன் ஆபீஸ். பெக்டரிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஆப் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. ஒவ்வொரு வேனிலும் ஒரு கருவி. ‘நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்’ என்று சில விநாடிக்கொரு தடவை அது சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். பெண் எங்கே வருகிறாள், சோற்றை எப்போது சூடாக்கலாம் என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஆப்தான், குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் சேரும், புள்ளிக்கு ஒரு வரி. முப்பது கோடி வரி. அதைக் கவனித்துக்கொள்வது தனேஷின் வேலை. கணினி இவர்களுடையது இல்லை, கிளவுட். எங்கேயோ, எந்த ஊரிலோ ஓடுகிறது. வேறொரு கம்பெனிக்காரன் வாடகைக்கு விட்டிருக்கிறான். போய்த் தொட்டுப் பார்க்க முடியாது, காது வைத்துக் கேட்க முடியாது. திரையில் ஒரு கிராஃப் தெரியும். இயந்திரத்தின் மூளை எவ்வளவு உழைக்கிறது என்று அந்தக் கோடு காட்டும். சிபியு என்பார்கள். சாதாரணமாக ஏழு சதவிகிதம், எட்டு சதவிகிதம். கோடு படுத்தே கிடக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அது எழுந்து நின்றது. நூறு சதவிகிதம்.

எல்லா வேன்களின் புள்ளிகளும் உறைந்துபோயின. பெற்றோர், பெக்டரி சூப்பர்வைசர், வேன் முதலாளி என்று ஆளாளுக்கு போன். தனேஷ் தலையைப் பிய்த்துக்கொண்டான். பதினொன்று இருபதுக்குக் கோடு தானாகப் படுத்தது. மறுநாள் மறுபடியும். அதற்கு மறுநாளும். நேரத்தைக் குறித்து வைத்தான். ஏறுவது ஏழு நாற்பது. இறங்குவது பதினொன்று இருபது. ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது.

தனேஷ் சாதாரண ஆள் இல்லை, கெட்டிக்காரன். ராத்திரி பேக்கப் ஓடுகிறதோ என்று பார்த்தான். இல்லை, அது விடியற்காலையில்தான். பெக்டரிக்குப் போகிற ரிப்போர்ட்டா? நேரத்தை மாற்றிப் பார்த்தான், பயனில்லை. முதலாளி இரண்டு மடங்கு பெரிய இயந்திரம் எடுத்துக் கொடுத்தார். அதுவும் நூறு. கிளவுட் கம்பெனிக்கு எழுதினான். ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று பதில் வந்தது. ஷிப்ட் விடுகிற நேரம், எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் ஆப்பைத் திறக்கிறார்கள், அதனால்தான் என்று முதலாளி அடித்துச் சொன்னார். தனேஷும் அப்படித்தான் நினைத்தான்.

அப்புறம் நோன்புப் பெருநாள் வந்தது. பெக்டரிகள் மூடல். ஒரு வேன் கூட ஓடவில்லை. ஊரே காலி. தனேஷ் மட்டும் ஆபீஸில் உட்கார்ந்து கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு முப்பத்தெட்டு… முப்பத்தொன்பது…

நாற்பது. கோடு எழுந்து நின்றது.

ஏசியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான் என்று சொன்னான்.

இதில் தனேஷுக்கு எது பெரிய வேதனை தெரியுமா? வேலை இல்லை. மகள். கவிஷா. நாலு வயது முடியப் போகிறது. கம்போங் மேடான் பக்கம் வரிசை வீடு. தினமும் சாயங்காலம் ஏழரைக்குக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காக நிற்பாள். இரண்டு வாரமாக அப்பா வரவில்லை. நின்று நின்று தூங்கிப் போகிற பிள்ளையை அவன் மனைவி பிரியா தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பாள். “வெள்ளிக்கிழமை பொறந்தநாளு. அன்னிக்கும் வரலன்னா என்கிட்ட பேசாதீங்க, சொல்லிட்டேன்” என்று பிரியா சொல்லிவிட்டாள். அவன் கவிஷாவிடம் சத்தியம் பண்ணினான். அந்தச் சத்தியத்தில்தான் எல்லாம் கெட்டது.

சரி, கேளுங்கள். புதன்கிழமை அவன் கண்டுபிடித்துவிட்டான். ஆயிரம் பேர் இல்லை. ஒரே ஆள். ஒரே ஒரு போனிலிருந்து, முப்பது விநாடிக்கு ஒரு முறை, ஒரே கேள்வி.

வேன் பதினாலு இப்போது எங்கே?

இதற்குப் போய் ஒரு இயந்திரம் திணறுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு வருவான். பதினாலு என்ற எண்ணைக் கண்டதும் நிறுத்திவிடுவான். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். ஆனால் பதினாலு என்று ஒரு வரியே அதில் இல்லாவிட்டால்? முதல் பக்கம் வரைக்கும் புரட்ட வேண்டும். முப்பது கோடி வரி. அவன் பாதி கூடப் புரட்டியிருக்க மாட்டான், அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். அதற்கு மேல் இன்னொன்று. இருப்பதைத் தேடினால் சீக்கிரம் கிடைத்துவிடும். இல்லாததைத் தேடுகிறவர்களுக்குத்தான் தேடல் முடிவதே இல்லை.

பதினாலாம் வேனுக்கு ஏன் ஒரு வரி கூட இல்லை? ஏனென்றால் அவற்றை அழித்ததே தனேஷ்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “பதினாலு இப்ப ஓடறது இல்ல. ஆக்சிடன் ஆன வண்டி. அதோட ரெக்கார்டெல்லாம் எடுத்துடு தனேஷ், கிளையண்ட் பார்த்தா நல்லா இருக்காது.” இவனும் சரி பாஸ் என்று ஒரே கட்டளையில் அழித்தான். மறுநாள்தான் கோடு எழுந்தது. அப்படியென்றால் பாருங்கள், அதற்கு முன்னாலும் அந்தப் போன் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய வரியைக் காட்டிப் பதில் உடனே போய்விட்டது, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கணக்கு யார் பெயரில்? லூசி. கிள்ளான். போன் போட்டான், எண் புழக்கத்தில் இல்லை என்றது. அவசரத்துக்கு என்று இன்னொரு எண் இருந்தது, மகன் மார்வின். அதற்குப் போட்டான்.

“பாஸ், வேன் ஆப் கம்பெனிலேருந்து பேசறேன். லூசி ஆன்ட்டி போன்ல ஆப் தொறந்தே இருக்கு போல. கொஞ்சம் மூடச் சொல்ல முடியுமா?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ அணைத்தார்கள்.

“அம்மா இறந்து ரெண்டு மாசமாச்சு பாஸ்.”

“ஐயோ, சாரி பாஸ். அப்ப போன் இப்ப யார்கிட்ட…?”

“அம்மாகிட்டதான் இருக்கு.” மார்வின் நிதானமாகத்தான் சொன்னான். “ஆஸ்பத்திரியிலயும் அத விடல. செத்தப்புறம் வெரல பிரிக்கப் பார்த்தோம், முடியல. அப்படியே பெட்டியில வச்சு மூடிட்டோம்.”

மார்வினுக்குப் பேச ஆள் கிடைத்ததுபோல் அவனே மீதியைச் சொன்னான். அக்கா ஷார்மைன். மேரு பக்கம் கையுறை பெக்டரியில் வேலை. இருபத்துமூன்று வயது. கடைசி ஆள் என்பதால் வேனில் தனியாக வருவாள். ஏழு நாற்பதுக்குச் சந்தியில் இறங்குவாள். அம்மா குடையும் போனுமாக அங்கே போய் நிற்பார். அன்றைக்கு மழை. வேன் வரவில்லை. கருவி தண்ணீரில் மூழ்கிவிட்டது, போனில் தேடுகிறது… தேடுகிறது… என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா அசையவில்லை. போலீஸ்காரன் வந்து சொல்லும் வரைக்கும் அதே இடத்தில் நின்றார். வேன் சாலையோரத்துப் பெரிய லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் கதவை உடைத்து வெளியே வந்துவிட்டான், ஷார்மைன் வரவில்லை.

“போலீஸ் எத்தனை மணிக்கு வந்தாங்க பாஸ்?” தனேஷுக்குப் பதில் தெரியும். இருந்தும் கேட்டான்.

“பதினொன்னு இருபது. அப்புறம் தெனமும் அம்மா அந்த நேரத்துக்கு அங்க போய் நிப்பாங்க. யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நின்னு நின்னு முட்டி போச்சு, ராத்திரி பூரா கோடாலித் தைலம் தேச்சுக்கிட்டே இருப்பாங்க. இப்பகூட வீட்டுல அந்த வாசம் போகல.”

என்ன செய்வான், சொல்லுங்கள்? அந்தக் கணக்கை முடக்கினான். ஏழு நாற்பதுக்குக் கேள்வி வந்தது, இந்தத் தடவை பெயரே இல்லாமல். வந்த கேள்வியை நிறுத்தினான். முப்பது விநாடியில் அடுத்தது. புத்தகத்துக்குப் பொருளடக்கம் போட்டதுபோல் ஒரு இண்டெக்ஸ் போட்டால் இயந்திரம் தப்பித்துவிடும், ஆனால் அதற்கு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், சனிக்கிழமை இரவுக்கு முன்னால் முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி ஆறு ஐம்பது. பிரியாவிடமிருந்து ஒரு படம். கவிஷா ரோஸ் நிற கவுனில், தலையில் காகிதத் தொப்பி. ‘அப்பா எப்ப?’

தனேஷ் ஒரு குறுக்கு வழி யோசித்தான். கேள்விக்குப் பதில் இல்லாததால்தானே தொல்லை? ஒரு பதிலை வைத்துவிட்டால்? வேன் பதினாலு, இன்ன இடம் என்று ஒரே ஒரு பொய் வரி. புரட்டுகிறவன் கடைசிப் பக்கத்திலேயே கண்டுபிடித்து நிறுத்திவிடுவான். இன்று ஒரு ராத்திரி தாங்கினால் போதும்.

இடம் என்ன போடுவது? இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதனைக்கு ஏதாவது ஓர் இடம் வேண்டுமென்றால் சொந்த வீட்டையே போட்டுவிடுவார்கள். அந்த எண்கள்தான் மனப்பாடமாக இருக்கும். அவன் விரல் தானாகப் போட்டது. யோசிக்கவே இல்லை, சத்தியமாக யோசிக்கவே இல்லை என்று என்னிடம் மூன்று முறை சொன்னான்.

பையை எடுத்துக்கொண்டு ஓடினான். கீழே பூக்கடையில் கேக் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தான், அதையும் எடுத்துக்கொண்டான். வழியெல்லாம் மழை, ஜேம். ஏழு நாற்பதுக்குக் கார் நகரவே இல்லை. போனில் கிராஃபைத் திறந்தான். ஐந்து சதவிகிதம். நாற்பத்தொன்று. ஐந்து. நாற்பத்திரண்டு. நான்கு. கோடு படுத்தே கிடந்தது. ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தானாம்.

பிரியாவுக்குப் போன் போட்டான்.

“வந்துட்டேன்மா, பத்தே நிமிஷம். குட்டி எங்க?”

“கேட்டுலதான் நிக்கிறா. ஒரு ஆன்ட்டி வந்து அவகூட பேசிக்கிட்டு இருக்காங்க. குடைய அவளுக்குப் பிடிச்சிக்கிட்டு. யாருன்னு தெரியல, பாவம், வழி மாறி வந்துட்டாங்க போல.”

“என்ன பேசறாங்க?”

“வேன் பதினாலு வந்துருச்சான்னு கேக்குறாங்க.”

…

“பிரியா, பிள்ளைய உள்ள தூக்கு. இப்பவே. போ, ஓடு!”

போன் கீழே விழுகிற சத்தம். செருப்புச் சத்தம். கேட்டின் கொக்கி காற்றில் ஆடுகிற சத்தம், கிளிங்… கிளிங்… அப்புறம் பிரியாவின் அலறல். கேட் திறந்து கிடந்தது. பிள்ளை இல்லை.

தனேஷ் ஓரமாக ஏறி, ஆரன் அடித்து, எப்படியோ அவன் குடியிருக்கும் தாமானுக்குள் நுழைந்தான். அவன் வீட்டு வரிசையின் பின்னால் ஒரு சாலை உண்டு. ஒரு பக்கம் வீடுகளின் பின்சுவர். இன்னொரு பக்கம் பெரிய லோங்காங். ராத்திரியில் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அவன் கார் விளக்கு திரும்பியபோது தெரிந்தது… கறுப்புக் குடை. அதன் கீழே ஒரு ரோஸ் கவுன். பிள்ளையின் வலது கை மேலே தூக்கியிருக்கிறது, பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற மாதிரி. மெதுவாக நடக்கிறார்கள். அவசரமே இல்லை. லோங்காங் ஓரத்தை நோக்கி.

காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். “கவிஷா! கவிஷா!” பிள்ளை திரும்பவில்லை. அவர்கள் நடக்கிறார்கள், இவன் ஓடுகிறான், இடைவெளி குறையவே இல்லை. தைல வாசம் மட்டும் முகத்தில் அடிக்கிறது. கோடாலித் தைலம், அதோடு சாக்கடைத் தண்ணீர் நாற்றம். லோங்காங் நிரம்பி ஓடுகிற இரைச்சல். இன்னும் பத்தடி. எட்டடி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த அம்மாவை இங்கே வரவழைத்ததே அவன் எழுதிய வரிதானே.

ஓடிக்கொண்டே போனை எடுத்தான். மழையில் நனைந்த திரை, நனைந்த விரல். அழுத்தினால் வேறு எதுவோ திறக்கிறது. சட்டையில் துடைக்கிறான், சட்டையும் ஈரம். கடவுளே, கடவுளே என்று வாய்விட்டுக் கத்துகிறான். வரியைக் கண்டுபிடித்தான். அழி. ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினான்.

குடை இல்லை.

அந்த நொடியில்தான் பிள்ளையின் தலை நனையத் தொடங்கியது. அதுவரைக்கும் முடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காகிதத் தொப்பி நனைந்து முகத்தில் சரிந்தது. லோங்காங் விளிம்புக்கு ஓர் அடி. தனேஷ் பாய்ந்து வாரி எடுத்துக்கொண்டான். பிள்ளை அழவில்லை, பேசவில்லை.

ஆனால் வலது கை கீழே இறங்கவில்லை. மேலே தூக்கியபடியே இருந்தது, விரல்கள் எதையோ பற்றியபடி மடங்கி. பிரியா பிடித்து இழுத்தாள், மடக்கப் பார்த்தாள். கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள், டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கிராஃபில் கோடு நூறில் நின்றது. பதினொன்று இருபதுக்குக் கோடும் கையும் ஒன்றாக இறங்கின.

மறுநாள் சனிக்கிழமை. கேட்டுக்குப் பூட்டு, கதவுக்குப் பூட்டு, சாமி மேடையிலிருந்த திருநீறு முழுவதும் பிள்ளையின் நெற்றியில். ஏழு நாற்பது. கவிஷா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கை தானாக மேலே போனது. எழுந்து கதவை நோக்கி நடந்தாள். தனேஷ் கட்டிப் பிடித்துக்கொண்டான். அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் கேட்கிறான். வரியை அழித்தால் போதாது. அந்த அம்மா கடைசியாகக் கேள்விப்பட்ட இடம் அவன் வீடு. வேறு பதில் கிடைக்கும் வரைக்கும் இங்கேதான் நிற்பார்.

வேறு பதில் கொடுக்க வேண்டும். யாருமே இல்லாத ஓர் இடம்.

மகளின் கல்லறையைக் கொடுத்திருக்கலாமே என்று நானும் கேட்டேன். “ஒங்க மக செத்துட்டான்னு அந்த அம்மாகிட்ட நான் எப்படிண்ணே சொல்வேன்? என் கையில என் பிள்ள இருக்கையில?” என்றான்.

ஒரு கையால் கவிஷாவை இறுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் போனில் தேடினான். யாரோ எப்போதோ படத்தோடு அனுப்பிய ஓர் இடம் கண்ணில் பட்டது. வெறும் செம்மண் நிலம். ஒரு விளம்பரப் பலகை, நாலு கொடி. ஓர் ஆள் கிடையாது, ஒரு கூரை கிடையாது. அதைப் போட்டான். பிள்ளையின் கை பொத்தென்று விழுந்தது. “அப்பா, கேக்?” என்று கேட்டாள். அன்றைக்குப் பிறகு அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாகப் படிக்கிறாள். இரவு இண்டெக்ஸ் போட்டார்கள். கோடு மறுபடியும் எழவில்லை.

அந்த வரியைப் பிறகு எடுத்துவிடலாம், நிதானமாக யோசித்து நல்ல இடமாகப் பார்த்து வைக்கலாம் என்றுதான் நினைத்தான். சோதனைக்குப் போட்ட வரியை எவன் ஞாபகமாக எடுத்திருக்கிறான்? இரண்டு மாதத்தில் வேலையை விட்டான், ஜொகூருக்குப் போய்விட்டான். அந்தக் கம்பெனியில் இப்போது யார் யாரோ. இயந்திரம் சத்தம் போடாமல் ஓடுகிறது. ஓடுகிறதை யார் திறந்து பார்ப்பார்கள்?

“டேய் கென்னத், என் மச்சான் இதெல்லாம் உன்கிட்ட எப்பச் சொன்னான்?” என்கிறாயா கிரிகரி? இன்றைக்கு மத்தியானம். நான் காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது. அழுதுகொண்டே பேசினான்.

“அண்ணே, மச்சான் வீட்டுக்கு இன்னிக்கா போறீங்க? செமினியில, கடைசி வரிசையா? அவர் நிலம் புக் பண்ண அன்னிக்கு எனக்கு லொகேஷன் அனுப்பியிருந்தாருண்ணே. ‘மச்சான், நம்ம வீடு இங்கதான் வரப் போகுது’ன்னு. அப்ப அங்க ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் மண்ணு…”

முறைக்காதே கிரிகரி. உன்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, இங்கே வரவும் தைரியம் இல்லை. நான் சிரித்தேன். போடா, வேலை அதிகமாகி மூளை குழம்பிவிட்டது உனக்கு என்று திட்டி போனை வைத்தேன். அப்புறம் எட்டு மணிக்குக் கார் உள்ளே திரும்பியபோது குடையோடு அந்த ஆன்ட்டி நகர்ந்து வழி விட்டார். காவலாளியிடம் கேட்டேன். இந்த வரிசையில் இன்னும் ஒரு வீட்டிலும் யாரும் குடி வரவில்லையாம். உன் வீடுதான் முதல் வீடு.

தனேஷ் ஒன்றே ஒன்றுதான் கெஞ்சிக் கேட்டான். பதினொன்று இருபது வரைக்கும் சின்னப் பிள்ளையை வெளியே விடாதீங்கண்ணே என்று. அதனால்தான் உங்களை எல்லாம் உட்கார வைத்து இவ்வளவு நேரம் இழுத்தேன். சொன்னால் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பீர்கள். மணி என்ன? பதினொன்று ஐந்து. இன்னும் கால் மணி நேரம். யாரும் எழுந்திருக்காதீர்கள். காலையில் பாதர் வந்துவிடுவார்.

…

யாராவது தைலம் தேய்த்திருக்கிறீர்களா? இல்லையா?

…

அறைக் கதவு. சாத்தித்தானே இருந்தது? நடாலி… ஏன்டா கண்ணு எழுந்து வந்துட்ட? தண்ணி வேணுமா?

கிரிகரி, பிள்ளையைப் பிடி. அவளுடைய வலது கையைப் பார்.